கஞ்சிங் அருவியும் சுண்ணாம்பு மலையும்

சிலாங்கூரின் வடபகுதியில், செலாயாங்கிலிருந்து ரவாங்குக்குச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையை ஒட்டி இரண்டு வகை மலைகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறத்தில் சுவர்போலச் செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் கல் மலை. அதற்குத் தாக்குன் மலை என்று பெயர். மற்றொன்று, காடு போர்த்திய கருங்கல் மலை. அந்தக் கருங்கல் மலையில்தான் கஞ்சிங் அருவி ஏழு அடுக்குகளாக இறங்குகிறது. கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் விடுமுறை நாள்களில் அங்கே கூட்டம் நிறைந்திருக்கும்.

முதன்முறையாக வருபவர்களில் பலர், கம்பீரமாக நிற்கும் அந்த வெள்ளைப் பாறையிலிருந்துதான் அருவி விழும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆனால், அங்கே அருவி இல்லை. ஒரே மழைதான் இரண்டு மலைகளின்மீதும் பெய்கிறது. ஒன்றில் அது அருவியாகிறது, மற்றொன்றில் காணாமற்போகிறது. காணாமற்போன நீர் எங்கே செல்கிறது? கண்ணுக்குத் தெரியும் நீர்தான் எங்கே செல்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடும் வாய்ப்பு ஒரு பள்ளி விடுமுறையின்போது எங்களுக்குக் கிடைத்தது.

நான்காம் படிவத்தில் பயிலும் என் மகள் புவியியல் பாடத்திற்காக ஓர் ஆற்றைப் பற்றிய செயல்திட்டம் செய்ய வேண்டியிருந்தது. "ஆறு எங்கே பிறக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும்" என்றாள். பாடத்திட்டப் பணியில் இருக்கும் எனக்கு மலை, ஆறு, பாறை ஆகியவை பெரும்பாலும் தாளில் வரும் சொற்களே. எனவே, நானும் ஆவலோடு புறப்பட்டேன். புக்கிட் ரோத்தானில் வசிக்கும் என் அப்பாவையும் அழைத்துக்கொண்டோம். அவருக்கு வயது 76. பதினான்கு வயதில் பால்மரம் சீவத் தொடங்கி, தோட்டத்திலேயே ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் அம்மாவின் சிறிய சுண்ணாம்பு டப்பாவை எப்போதும் வைத்திருப்பார். அம்மா மறைந்தபின் அவர் வெற்றிலை போடுவது குறைந்துவிட்டது. டப்பா மட்டும் பையை விட்டு இறங்கவில்லை.

பெஸ்தாரி ஜெயா, பத்து ஆராங் வழியாக ரவாங்கை நோக்கிச் சென்றோம். பெஸ்தாரி ஜெயாவை அப்பா இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்வார். வழியெங்கும் செம்பனை வரிசைகள். "இதெல்லாம் பால்மரமா இருந்த இடம்" என்று ஜன்னல் வழியே கைகாட்டிக்கொண்டே வந்தார். செம்பனைகளுக்கு இடையே அங்கங்கே பெரிய குளங்கள் மின்னின. அவை இயற்கைக் குளங்கள் அல்ல. ஈயம் தோண்டி எடுத்தபின் விடப்பட்ட பள்ளங்கள். பத்து ஆராங்கில் 1915ஆம் ஆண்டு முதல் 1960 வரை நிலக்கரி வெட்டி எடுத்தார்கள். அந்தக் காலத்துச் செங்கல் புகைபோக்கி இன்னும் அங்கே நிற்கிறது. ஈயம், நிலக்கரி, ரப்பர், செம்பனை என்று இந்த மண் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொன்றை வழங்கி வந்திருக்கிறது.

ரவாங்குக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. 1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கில் இருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை அமைத்தார்கள். மலாயாவில் மின்சாரம் பயன்படுத்தப்பட்ட வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. பத்துமலைக் கோயிலை 1891இல் நிறுவியவரும் இதே தம்புசாமிப் பிள்ளைதான். மின்விளக்கு எரியும் ஒவ்வொரு வீட்டுக்கும், தைப்பூசத்திற்குப் பத்துமலைப் படியேறும் ஒவ்வொருவருக்கும் ரவாங் ஏதோ ஒரு வகையில் உறவாகிறது என்று நான் சொன்னபோது அப்பா சிரித்தார்.

ரவாங்கைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் தாக்குன் மலையின் வெண்மையான பாறைச்சுவர் தெரிந்தது. பாறையின் இடுக்குகளில் சிறு மரங்கள் வேர் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. மழை நீர் வழிந்த கறுப்புக் கோடுகள் பாறைமீது நெடுகிலும் இருந்தன. ஆனால், ஓடும் நீர் ஒரு சொட்டுகூட இல்லை. "அவ்வளவு உயரம் இருந்தும் அருவி இல்லையே!" என்று மகள் வியந்தாள்.

கஞ்சிங் வனப்பூங்காவின் வாயிலில் சிறு கட்டணம் செலுத்தி உள்ளே நுழைந்தோம். முதலில் எங்களை வரவேற்றவை குரங்குகள். நெகிழிப் பை சலசலத்தால் போதும்; எங்கிருந்தோ வந்து பறித்துக்கொள்ளும். பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டில் ஏறினோம். கீழ் அடுக்குகளில் பிள்ளைகள் நீராடிக்கொண்டிருந்தனர். மேலே போகப்போகப் பேச்சொலி குறைந்து நீரொலி பெருகியது. அருவி ஓர் அடுக்கில் வெள்ளைத் துணிபோல அகலமாக விரிந்தது. மற்றோர் அடுக்கில் பாறை இடுக்கில் புகுந்து ஒடுங்கி விழுந்தது. ஒவ்வோர் அடுக்கின் அடியிலும் நீர் சற்று நின்று, குளமாகி, மீண்டும் விளிம்பைத் தேடிப் போனது.

நான்காம் அடுக்கில் அப்பா அமர்ந்துவிட்டார். "இதுக்கு மேல நீங்க போங்க. என் முட்டி இதோட சரி" என்றார். அவரைத் தனியே விட மனமின்றி நாங்களும் அருகில் அமர்ந்தோம். எங்களுக்குக் கீழே இருந்த பாறை வழவழப்பாக இருந்தது. உற்றுப் பார்த்தால் அதில் வெள்ளை, சாம்பல், கறுப்பு நிறங்களில் சிறு சிறு பளிங்குத் துகள்கள் இறுகிக் கிடப்பது தெரிந்தது. அதுதான் கருங்கல். சுமார் 200 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்கு அடியில் இருந்த கொதிக்கும் பாறைக்குழம்பு மெதுவாகக் குளிர்ந்து இறுகியதால் உண்டானது. தாக்குன் மலையின் சுண்ணாம்புக் கல்லோ அதைவிட இரு மடங்கு பழைமையானது. 400 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடம் ஆழமில்லாத வெப்பக் கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாயின. பின்னர்ப் பாறைக்குழம்பு அந்தச் சுண்ணாம்புக் கல்லைத் துளைத்துக்கொண்டு மேலேறியது. இரண்டும் சந்தித்த பகுதிகளில்தான் ஈயம் மிகுதியாகக் கிடைத்தது. ரவாங்கின் செல்வம் இந்த இரு கற்களின் சந்திப்பில் பிறந்தது என்றே சொல்லலாம்.

"சரி, அந்த வெள்ளை மலையில் ஏன் அருவி இல்லை?" என்று மகள் மீண்டும் கேட்டாள்.

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். "கண்ணு, இது என்ன?"

"சுண்ணாம்பு, தாத்தா."

"இதுவும் அந்த மலையில இருக்கிற கல்லுதான். சூளையில சுட்டுத் தண்ணி ஊத்துனா இப்படிப் பூத்துடும். சுண்ணாம்புக் கல்லு தண்ணியைக் குடிக்கிற கல்லு. நாம உட்கார்ந்திருக்கிறது குடிக்காத கல்லு. குடிக்காததுனாலதான் தண்ணி இதுமேல ஓடுது."

பாடநூலில் ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளும் செய்தியை அப்பா சில வாக்கியங்களில் முடித்துவிட்டார். அதை நான் சற்று விரித்துச் சொன்னேன். மழைத்துளி காற்றின் வழியே விழும்போது அதிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொள்கிறது. காட்டு மண்ணில் ஊறும்போது இன்னும் அதிகமாகக் கரைத்துக்கொள்கிறது. அப்போது அந்த நீர் மிக மென்மையான ஓர் அமிலமாகிறது. கருங்கல்லை அந்த அமிலம் எளிதில் ஒன்றும் செய்ய முடியாது. சுண்ணாம்புக் கல்லோ அதில் கரைகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அதுபோலத் துளி துளியாகப் பல்லாயிரம் ஆண்டுகள் கரைந்து, மயிரிழை அளவிலான வெடிப்பு விரல் நுழையும் பிளவாகிறது, பிளவு துளையாகிறது, துளை குகையாகிறது. மலைமீது பெய்யும் மழை, ஓடுவதற்கு முன்பே அந்தத் துளைகளில் இறங்கி மறைந்துவிடுகிறது. அருவி அங்கே இல்லாமல் இல்லை. அது மலைக்குள்ளே விழுகிறது.

இதை நீங்களும் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு முட்டை ஓட்டின்மீது சிறிது புளிக்காடியை ஊற்றுங்கள். சிறு குமிழிகள் எழும்பும். முட்டை ஓடும் சுண்ணாம்புக் கல்லும் ஒரே பொருளால் ஆனவை. புளிக்காடியின் அமிலம் அதைக் கரைக்கும்போது உள்ளிருக்கும் கரியமில வாயு குமிழியாக வெளியேறுகிறது. அதே புளிக்காடியைக் கருங்கல் துண்டின்மீது ஊற்றினால் அது வெறுமனே வழிந்தோடும். எங்கள் வீட்டுச் சமையலறையில் என் மகள் இந்தச் சோதனையைச் செய்தபோது, மலை கரைவதைக் காதால் கேட்டதுபோல் இருந்தது என்றாள்.

மலைக்குள் இறங்கிய நீர் கரைத்ததை மீண்டும் கல்லாக்கவும் செய்கிறது. குகையின் கூரையில் சொட்டும் நீரிலிருந்து கரியமில வாயு வெளியேறும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பு மெல்லிய படலமாகப் படிகிறது. பத்துமலைக் குகைகளில் கூரையிலிருந்து தொங்கும் கற்கூம்புகள் இப்படித்தான் உருவாயின. அவை பொதுவாக ஓர் ஆண்டில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே வளரும். தைப்பூசக் கூட்டத்தில் 272 படிகளையும் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பார்க்கும்போது நம் கண்ணில் படும் ஒரு கையளவு கூம்புக்கு வயது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருக்கலாம். யாரோ ஒருவர் விளையாட்டாக உடைப்பதற்கு ஒரு நொடி போதும்.

சுண்ணாம்புக் கல் நாட்டில் அருவியே இருக்காது என்று எண்ணிவிடக் கூடாது. ஆறு பெரிதாக இருந்து, கல் குடிக்கும் அளவைவிட நீர் மிகுதியாக வந்தால் அங்கும் அருவி விழும். சீனாவின் குய்சோ மாநிலத்தில் உள்ள ஹுவாங்குவோஷூ அருவி 77.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அது சுண்ணாம்புக் கல் நாட்டின் அருவி என்பதற்கு அடையாளமாக, விழும் நீருக்குப் பின்னால் ஒரு நீண்ட குகை இருக்கிறது. அதில் நடந்து சென்று நீர்த்திரையை உள்ளிருந்தே பார்க்கலாம். குரோவேசியாவின் பிளிட்விட்ஸ் ஏரிகளிலோ கதை தலைகீழ். அங்கே நீரில் கரைந்த சுண்ணாம்பு பாசிகளின்மீது படிந்து படிந்து அணைபோல வளர்கிறது. அருவி தன் படிகளைத் தானே கட்டிக்கொள்கிறது. நம் நாட்டில் சரவாக்கின் முலு தேசியப் பூங்காவுக்குச் சென்றால், மான் குகையின் கூரைத் துளைகளிலிருந்து மழைக்காலத்தில் நீர்த்தாரைகள் நூறு மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குகைக்குள்ளேயே விழுவதைக் காணலாம். சில இடங்களில் இத்தகைய குகைகளின் கூரை இடிந்து விழுந்து, இருபுறமும் செங்குத்தான சுவர்கள் கொண்ட பள்ளத்தாக்குகளாக மாறியிருக்கின்றன.

பேசிக்கொண்டே இருந்தபோது அப்பா ஓர் உயர்ந்த மரத்தைக் காட்டினார். பட்டையைக் கையால் தேய்த்து முகர்ந்து, "கற்பூர வாசம் வருதா பாரு" என்றார். அது காப்பூர் மரம். கஞ்சிங் காடு இம்மரங்கள் இயற்கையாகச் செழித்து வளரும் இடமாகப் பெயர் பெற்றது. பழங்காலத்தில் தமிழ் வணிகர்கள் இந்த வட்டாரத்துக் கடல்களில் தேடி வந்த விலையுயர்ந்த கற்பூரம், இவ்வகை மரங்களின் தண்டுப் பிளவுகளில் உறைந்து கிடந்ததுதான். சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் அக்கற்பூரத்திற்குப் புகழ்பெற்றது. அங்கே 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அதைப் பொறித்தனர். இன்று நாம் ஏற்றும் சூடம் பெரும்பாலும் ஆலைகளில் தயாராவது. ஆனால், அதன் முன்னோர் இந்தக் காட்டு மரங்கள்.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. மலாய் மொழியில் காப்பூர் என்றால் கற்பூரம் தரும் மரம். காப்பூர் என்றாலே சுண்ணாம்பு என்றும் பொருள். சுண்ணாம்புக் கல் பத்து காப்பூர். வெற்றிலைச் சுண்ணாம்பு காப்பூர் சீரே. கற்பூர மரம் நிற்கும் கருங்கல் மலையும் எதிரே நிற்கும் சுண்ணாம்பு மலையும், அப்பாவின் டப்பாவும் அம்மாவின் பூசைத்தட்டும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. அந்தக் காட்டில் கியாம் கஞ்சிங் என்னும் அரிய மரமும் உண்டு. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. ஒரு காட்டை இழந்தால் ஓர் இனத்தையே இழப்போம் என்பதற்கு அதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நண்பகல் கடந்திருந்தது. எங்களுக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மலையின் உச்சிப் பக்கம் மட்டும் வானம் இருண்டிருந்தது. அப்பா திடீரென்று பேச்சை நிறுத்தி நீரைக் கவனித்தார். தெளிந்த நீரில் வாடிய இலைகளும் சிறு குச்சிகளும் மிதந்து வரத் தொடங்கியிருந்தன. அருவியின் ஓசையும் சற்றுக் கனத்திருந்தது. "எழுந்திரிங்க. மேல மழை பெய்யுது" என்றார். அதே நேரத்தில் வனத்துறை ஊழியர் ஒருவர் ஊதல் ஊதிக்கொண்டே படிக்கட்டில் ஏறி வந்தார். "கெப்பாலா ஆயர்! மேலே ஏறுங்கள்!" என்று எல்லாரையும் நீரிலிருந்து வெளியேற்றினார்.

குளத்தில் இருந்த இளைஞர்கள் சிலர், "வெயில்தானே அடிக்கிறது" என்று தயங்கினர். அப்பா கரையில் நின்று கையை நீட்டி, "தம்பிகளா, வெயிலைப் பார்க்காதீங்க, தண்ணியைப் பாருங்க!" என்று உரக்கக் குரல் கொடுத்தார். அவர்கள் நீரைப் பார்த்தார்கள். அது தேநீர் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அவர்கள் படியேறிய சிறிது நேரத்தில், நாங்கள் அமர்ந்திருந்த பாறை நீருக்குள் மறைந்தது. சற்றுமுன் துணிபோல விழுந்த அருவி இப்போது சேறும் மரக்கிளையும் கலந்து உறுமியது.

கருங்கல் குடிக்காத கல் என்று அப்பா சொன்னதன் மறுபக்கம் இதுதான். மேலே கொட்டும் கனமழையைக் காட்டு மண்ணும் வேர்களும் தங்களால் இயன்றவரை தாங்கும். அதற்கு மேற்பட்ட நீர் பாறைமீது வழுக்கிக்கொண்டு ஒரே மூச்சில் கீழே இறங்கிவிடும். அருவிக்குச் செல்பவர்கள் மூன்று அறிகுறிகளை மனத்தில் கொள்ள வேண்டும்: நீரின் நிறம் மாறுதல், இலைகளும் குச்சிகளும் மிதந்து வருதல், ஓசை கனத்தல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடைமைகளைப் பொறுக்கிக்கொண்டிருக்காமல் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

மழை ஓயும்வரை ஓய்வுக்குடிலில் ஒதுங்கினோம். கலங்கிய நீரோடு நெகிழிப் புட்டிகளும் உணவுப் பொட்டலங்களும் அடித்துச் செல்லப்படுவதை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டாள்.

"நம்ம ஊருக்குத்தான்" என்றார் அப்பா.

அது வேடிக்கைப் பேச்சு அல்ல. கஞ்சிங் அருவியின் நீர் ரவாங் சமவெளிக்கு இறங்கி, அங்குள்ள சிற்றாறுகளோடு கலந்து சிலாங்கூர் ஆற்றில் சேர்கிறது. ஏறக்குறைய 110 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு, கோலசிலாங்கூரில் கடலோடு கலக்கிறது. அதன் கரையில்தான் கம்போங் குவாந்தானின் மின்மினிகள் இரவில் பெரெம்பாங் மரங்களில் ஒளிர்கின்றன. வழியில், பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள சுத்திகரிப்பு நிலையங்கள் ஆற்றுநீரை எடுத்துக் குடிநீராக்கி அனுப்புகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களின் குடிநீரில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இந்த ஆற்றிலிருந்தே கிடைக்கிறது.

2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தை எங்கள் குடும்பம் மறக்காது. ரவாங்கை அடுத்த சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் மாசு கலந்தது. அதன் நீர் சிலாங்கூர் ஆற்றை அடைந்ததால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட குடிநீர்க் கணக்குகளுக்கு நீர் தடைப்பட்டது. கோவிட் காலம், அடிக்கடி கை கழுவுங்கள் என்று வானொலியும் தொலைக்காட்சியும் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தன. குழாயைத் திறந்தால் காற்று மட்டும் சீறியது.

அப்போது அம்மா சிறுநீரக நோயாளி. வாரத்திற்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்வார். ஒரு முறை அச்சிகிச்சை செய்ய ஏறக்குறைய 120 லிட்டர் தூய்மையான நீர் தேவை. நீர் இல்லையென்றால் இயந்திரம் இருந்தும் பயனில்லை. அம்மாவின் முறை வந்த நாளில், தண்ணீர் லாரி வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். வீட்டில் அம்மாவின் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. அப்பா வாசலுக்கும் தொலைபேசிக்குமாக நடந்துகொண்டிருந்தார். மறுநாள் பிற்பகலில் லாரி வந்துவிட்டது என்று அழைப்பு வந்தபோதுதான் அவர் உட்கார்ந்தார். அம்மா அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் எங்களோடு இருந்தார். அந்த ஒரு நாளைப் பற்றி அப்பா அதிகம் பேசியதில்லை.

கஞ்சிங் ஓய்வுக்குடிலில்தான் பேசினார். "தோட்டத்துல லயத்துக்கு ஒரு குழாய்தான். காலையில அஞ்சு மணிக்கு வாளி வரிசையில நிக்கும். அந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு எங்களுக்குத் தெரியும். ஆத்துல ஏதாவது செத்து மிதந்தா, பார்த்தவன் ஓடி வந்து சொல்லுவான். இப்ப வீட்டுக்குள்ளயே குழாய் வந்துடுச்சு. எங்கிருந்து வருதுன்னுதான் யாருக்கும் தெரியல."

அப்பா சொன்னதை நான் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். ஓடும் நீரில் எறிவது கண்முன் மிதந்து செல்கிறது. சுண்ணாம்பு மலையில் எறிவதோ இன்னும் மோசமானது. மணலிலும் மண்ணிலும் மெதுவாக ஊறும் நீர் ஓரளவு வடிகட்டப்படும். சுண்ணாம்புக் கல்லின் பிளவுகளில் நீர் வடிகட்டப்படாமல் விரைந்து ஓடும். மலைமேல் கொட்டப்பட்ட கழிவு, யாரும் எதிர்பாராத ஓர் ஊற்றிலோ கிணற்றிலோ வெளிப்படலாம். கண்ணுக்குத் தெரியாமல் போனது இல்லாமற்போய்விடாது. பத்துமலையைச் சுற்றிலும் ஒரு காலத்தில் கல்லுடைப்பு நடந்து, பின்னர் நிறுத்தப்பட்டது. 1950களில் ரவாங்கில் சிமெண்டு ஆலை தொடங்கப்பட்டது. சிமெண்டுக்கும் மூலப்பொருள் சுண்ணாம்புக் கல்தான். நம் வீடுகளும் பள்ளிகளும் அந்தச் சிமெண்டில்தான் நிற்கின்றன. எனவே, மலையைத் தொடவே கூடாது என்று சொல்வது எளிது. அதன்படி வாழ்வது எளிதன்று. எந்த மலையிலிருந்து எவ்வளவு எடுப்பது, எந்த மலையை விட்டுவைப்பது என்று தெரிந்து முடிவெடுப்பதே நம் கடமை. அதற்கு, ஒவ்வொரு மலையும் நீரை என்ன செய்கிறது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

மழை ஓய்ந்தபின் வனத்துறை ஊழியர் படிகளில் சிதறிக் கிடந்த பொட்டலங்களைப் பொறுக்கத் தொடங்கினார். சற்றுமுன் நீரில் தயங்கி நின்ற இளைஞர்களுள் இருவர் அவருக்கு உதவினர். என் மகளும் ஒரு பையை எடுத்துக்கொண்டு சேர்ந்துகொண்டாள். குரங்கு ஒன்று அந்தப் பையைப் பறிக்க முயன்று, உள்ளே குப்பை மட்டுமே இருப்பதைக் கண்டு ஏமாற்றத்தோடு திரும்பியது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

செயல்திட்டத்திற்கான வரைபடத்தை மகள் மூன்று நாள் கழித்து வரைந்தாள். வழக்கமாக ஆற்றின் வரைபடம் மலையில் தொடங்கிக் கடலில் முடியும். அவள் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் தொடங்கினாள். அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையம், சிலாங்கூர் ஆறு, ரவாங்கின் சிற்றாறுகள், கஞ்சிங்கின் ஏழு அடுக்குகள் என்று கோடு மேல்நோக்கிச் சென்றது. அருகே தாக்குன் மலையை வரைந்து, அதன் உள்ளே புள்ளிக்கோடுகளால் மறைந்து செல்லும் நீரைக் காட்டியிருந்தாள். வழியில் சுங்கை கோங்கைக் குறித்த இடத்தில் "பாட்டி காத்திருந்த நாள்" என்று சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் அந்தக் கோட்டைக் குழாயிலிருந்து அருவிவரை மெதுவாகத் தொடர்ந்து சென்றார்.